அவள் உதட்டுக்கு எழுதிய வசனம்

அந்த டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஊமைப்படம். அவளுக்குத் தெரியாத பெயர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காது கேட்காதவள் முன்னால் நின்று சொன்னால்தான் என்ன தெரியப்போகிறது என்று சிலர் அவள் எதிரிலேயே சொன்னார்கள். இருபதடி தூரத்தில் அசையும் உதட்டைப் பேப்பர் படிப்பது போலப் படிக்கிறவளிடம் ரகசியம் காக்கப் பார்த்த அந்தக் கூட்டத்தின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கேலி செய்கிறார்களே என்பதைவிட, பெயர் தப்பாக இருக்கிறதே என்பதுதான் அவளுக்கு வருத்தம். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைத்தான் கொண்டுபோனது. வாயைக் கொண்டுபோக அம்மா விடவில்லை. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, உதட்டுக்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பாள். ‘ப’ சொன்னால் காகிதம் ஆட வேண்டும். ‘ம’ சொன்னால் ஆடக்கூடாது, மூக்கின்மேல் வைத்த விரல் அதிர வேண்டும். தினமும் காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி என்று ஆறு வருஷம் நடந்தது இந்தப் பாடம். காது கேட்காதவர்களுக்கான பள்ளியில் பிள்ளைகள் கையால் பேசிக்கொள்வார்கள். அந்தப் பாஷையோடு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். “கைய ஆட்டாத. நாலு பேர் பாக்குறாங்க. வாயால சொல்லு.”

அதனால் அவள் வாயால் பேசுவாள். பேசும்போது குரல் திடீரென்று மேலே ஏறும், திடீரென்று மூக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதல் தடவை கேட்பவர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். இரண்டாம் தடவை “என்ன?” என்பார்கள். மூன்றாம் தடவை எல்லாம் புரிந்துவிட்டதாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் ‘விட்டுவிடு’ என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பேச்சு முழுசாகப் புரிவது அம்மாவுக்குத்தான். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் சொல்வதை அம்மா பின்னாலிருந்து திருப்பிச் சொல்வாள். இப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இரண்டாவது மாடியில், ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் இரண்டே பேர்.

ஸ்டூடியோவுக்கு அவள் வந்தது வசனம் டைப் அடிக்க. மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் கம்பெனிக்கு நல்ல பெயர் என்று யாரோ முதலாளி காதில் போட்டு வைத்ததன் பலன். ஒரு நாள், தான் டைப் அடித்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று ஓடும் படத்தைப் பார்த்தாள். உள்ளே போய், சவுண்டு இன்ஜினியரின் தோளைத் தட்டி, “இந்த இடத்துல ‘அம்மா’ன்னு வசனம் இருக்கு. அவர் வாய் மூடவே இல்ல” என்றாள். இன்ஜினியர் படத்தை ஓட்டிப் பார்த்தார், மறுபடி ஓட்டிப் பார்த்தார். நாலு பேர் நாலு நாள் பார்த்து ‘ஓகே’ சொன்ன காட்சி அது.

டப்பிங்கில் அதுதானே சூட்சுமம். ப, ம மாதிரி எழுத்துக்கு உதடு மூடியே ஆக வேண்டும். நடிகர் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது வசனம் வாயை மூடினால் படம் பார்ப்பவர்களுக்கு என்னவோ உறுத்தும், என்னவென்று தெரியாது. காது கேட்பவர்கள் சத்தத்தில் மயங்கி இதைத் தவறவிடுவார்கள். அவளை மயக்கச் சத்தம் இல்லை. திரைக்கு அடியில் சத்தம் கோடாக ஓடும். அந்தக் கோடு எங்கே புடைக்கிறது, எங்கே இளைக்கிறது என்று பார்க்க இன்ஜினியர் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பதினொரு வருஷமாக அந்த ஸ்டூடியோவில் ஒரு விதி: குரல் மாற்றிய எதுவும், படமோ பற்பசை விளம்பரமோ, வசனத் தாளில் அவள் ‘பொருந்தும்’ என்ற கட்டத்தில் டிக் போடாமல் வெளியே போகாது. ‘பொருந்தாது’ கட்டத்தில் பெருக்கல் குறி போட்டால் அது நின்றுவிடும், முதலாளியே வந்து கேட்டாலும் நின்றுவிடும்.

இன்ஜினியரை அவள் அண்ணா என்பாள். அவருக்கு முன்பு கனத்த மீசை ஒன்று இருந்தது. மேலுதடு தெரியவில்லை, நீங்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது என்று அவள் சொன்ன மறுநாள் மழித்துக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் அண்ணி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பேசுவதற்கு முன் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, அவள் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தக் கட்டடத்திலேயே அப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களிடம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு வார்த்தை: அப்புறம். டீ நேரத்தில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஏதோ சொல்வார், வட்டம் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொள்ளும். யார் பேசினார்கள் என்று அவள் கண்டுபிடித்து அந்த முகத்துக்குத் திரும்புவதற்குள் பேச்சு எதிர்ப்பக்கம் போயிருக்கும். “என்ன, என்ன?” என்று பக்கத்திலிருப்பவரை இடிப்பாள். “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, சொல்லக்கூடாது என்றும் இல்லை. சிரித்து முடித்தபின் அதைத் திரும்ப எடுத்துச் சொல்வது அவர்களுக்கு ஆறின டீயைச் சூடு பண்ணுகிற வேலை. பதினொரு வருஷத்து ‘அப்புறம்’களில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. கடைசியில் அவள் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விடப் பழகிக்கொண்டாள்.

மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை அவளுடையது. ஒரு மேஜை, இரண்டு திரை, ஓடாத ஒரு ஃபேன், ஓடுகிற ஒரு ஃபேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ரெக்கார்டிங் அறை. மைக்கை அணைத்துவிட்டால் தாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது என்று குரல் கொடுக்க வருபவர்கள் உள்ளே நின்று முதலாளியைத் தாறுமாறாகத் திட்டுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆளில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது. கதாநாயகிக்குக் காது கேட்காது, வாய் பேச முடியாது, கையால் பேசுவாள். படத்தைப் பற்றி ஆறு மாதமாகவே ஸ்டூடியோவில் பேச்சு. அவள் காத்திருந்தாள் என்றால் அப்படிக் காத்திருந்தாள். எத்தனையோ கதாநாயகிகளின் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் போல ஒருத்தியைத் திரையில் பார்க்கப்போகிறாள். படம் வந்து சேர்ந்த அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

முக்கியமான காட்சி மூன்றாவது சுருளில் வந்தது. கதாநாயகி அருவிக்கரையில் நின்று இரண்டு நிமிஷம் கையால் மனதைக் கொட்டுகிறாள். ‘உன் மூச்சுதான் எனக்குக் கேட்கும் ஒரே சத்தம்’ என்று திரையில் எழுத்து ஓடுகிறது. கை என்ன சொல்கிறது? அவள் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். மழை. மூன்று. தையல்காரர். குளி. மறுபடியும் தையல்காரர். அந்தப் பெண் பாவம், அழகாக இருக்கட்டும் என்று யாரோ காட்டிய மாதிரியெல்லாம் விரலை ஆட்டியிருக்கிறாள்.

பள்ளித்தோழி ஒருத்தி இன்னும் வீடியோவில் வருவாள். கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரைமணி நேரம் இருவரும் கையால் பேசுவார்கள். அம்மா கோவிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போகிற நேரம் பார்த்துத்தான். அவளிடம் அந்தக் காட்சியை அப்படியே செய்து காட்டினாள். மூன்று தையல்காரர்கள் மழையில் குளிக்கிறார்கள். தோழி கட்டிலில் புரண்டு சிரித்தாள், இவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் தோழி கேட்டாள், ‘நம்ம ஆளுங்ககிட்ட ஒரு தடவ காமிச்சிருக்கலாமே? உன்கிட்டயாவது கேட்டிருக்கலாமே? நீ அங்கதானே இருக்க?’ அங்கேதான் இருக்கிறாள், பதினொரு வருஷமாக, படிக்கட்டை ஒட்டிய அறையில். போனை வைத்தபிறகு ரொம்ப நேரம் அழுதாள்.

அடுத்த வாரம் பட விளம்பரத்தைக் கவனிக்கிற பெண் ஒருத்தி ஸ்டூடியோவுக்கு வந்தாள். காது கேட்காத ஒருவரே இந்தப் படத்தில் வேலை செய்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவளைத் தேடி மாடிக்கு வந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல வாயை ஆவென்று திறந்து, “உங்..களை.. ஒரு.. பேட்..டி.. எடுக்..கணும்” என்றாள். உதட்டைப் படிக்கிறவர்களிடம் செய்யக்கூடாத காரியம் அதுதான். இழுத்துப் பேசினால் உதடு கோணிக்கொள்ளும். இவள் பொறுமையாக, “சாதாரணமா பேசுங்க, புரியும்” என்றாள். அந்தப் பெண், கூட வந்திருந்த இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எடுத்துச் சொன்னார்.

பேட்டி மறுநாள் என்று முடிவானது. அன்று சாயங்காலம் அம்மா தடபுடல் பண்ணினாள். நீலப் புடவையை இஸ்திரி போட்டாள். “நன்றின்னு சொல்லு. சிரிச்ச முகமா இரு. மெதுவா பேசு, கத்தாத. உனக்குத் தெரியாது, நீ கத்துற” என்றாள். அவள் தலையாட்டினாள். அவள் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு விஷயம் சொல்லி அது நாலு சுவருக்கு வெளியே போனதில்லை. இந்த ஒரு தடவை, இந்த ஒரு விஷயத்தை, தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொன்னபடியே அது ஊருக்குக் கேட்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

பேட்டி ரெக்கார்டிங் அறையிலேயே நடந்தது. பத்துப் பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். இன்ஜினியர் சத்தத்தைப் பதிவு பண்ணினார். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள் விளம்பரப் பெண். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் அம்மாவின் காகிதத் துண்டு எதிரில் இருப்பதாக நினைத்துச் சொன்னாள்:

“அந்தப் பொண்ணு கையால பேசுறது எங்க பாஷையே இல்ல. எங்கள்ல ஒருத்திய நடிக்க வச்சிருக்கலாம்.”

விளம்பரப் பெண் சிரித்த முகமாகத் தலையாட்டினாள். ‘விட்டுவிடு’ தலையாட்டல்தான். இவள் விடாமல் அதையே இன்னொரு தடவை சொன்னாள். வெளியே வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னது இவர்களுக்குப் புரிந்திருந்தால் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று இவளுக்கு ஒரே குழப்பம். ஆனாலும் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு நடந்தே போனாள், அன்றைக்கு நடை லேசாக இருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், அவள் மேஜைக்கு வழக்கம்போல நாலு வேலை வந்தது. ஒரு சோப்பு விளம்பரம், ஒரு தொடரில் இரண்டு பாகம், கடைசியாக ‘விளம்பரத் துண்டு, எண் பதினாலு’. கூடவே வசனத் தாள். முதல் மூன்றையும் முடித்துவிட்டு நாலாவதைத் திறந்தாள். திரையில் நீலப் புடவையோடு அவளே உட்கார்ந்திருந்தாள்.

குரல் மாற்றியதெல்லாம் அவளிடம் போக வேண்டும் என்பது விதி. கீழே வேலையைப் பிரித்து அனுப்புகிறவர் எண்ணைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அது யார் முகம், யாருக்குப் போகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அவள் வசனத் தாளை எடுத்தாள். ‘குரல்’ என்ற இடத்தில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. பேசாத கதாநாயகிக்கு என்ன குரல் என்று கேட்காதீர்கள், விசும்பலும் பெருமூச்சும் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். கீழே வசனம்:

‘அந்தப் பொண்ணு கையால பேசுறது என்னப் பாதிச்சிருச்சு. எங்கள்ல ஒருத்தியா நடிச்சு வச்சிருக்கா, நிஜம்.’

அவள் படத்தை ஓட்டினாள். தன் உதட்டைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். ‘எங்க பாஷையே இல்ல’ என்று அவள் சொன்ன இடத்தில் ‘என்னப் பாதிச்சிருச்சு’. ‘பா’வுக்கு உதடு மூடித் திறக்க வேண்டும், மூடித் திறந்தது. ‘வச்சிருக்கலாம்’ என்று முடித்தபோது கடைசி ‘ம்’முக்கு அவள் உதடு மூடியிருந்தது. அதற்காகத்தான் அந்த ‘நிஜம்’. ‘நடிச்சு வச்சிருக்கா’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை, ஆனால் உதட்டுக்கு அதுதான் சரி. டப்பிங் தமிழ் ஏன் அப்படி இருக்கிறது என்று கேலி பண்ணுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. வசனம் எழுதியவர் கெட்டிக்காரர். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

அவள் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இன்ஜினியர் தனியாகத்தான் இருந்தார்.

“இது யார் எழுதினது அண்ணா?”

அவர் தாளை எட்டிப் பார்த்தார். “நம்ம வசனக்காரர்தான். சூப்பரா எழுதியிருக்காரு இல்ல? ஒரு இடம்கூட இடிக்கல...” சொல்லி முடிக்கும்போதுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. “இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?”

“எல்லாம் என்கிட்டதானே வரும்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“நான் இதச் சொல்லல. இதுக்கு நேர் எதிரா சொன்னேன். நீங்கதானே ரெக்கார்டு பண்ணீங்க? கேட்டீங்கதானே?”

“கேட்டேன்.”

“புரிஞ்சுதா?”

“எனக்குப் புரிஞ்சுதும்மா. பதினோரு வருஷமா கேக்குறேன், புரியாதா? பாக்குற ஜனங்களுக்கு உன் குரல் புரியாதுன்னு சொல்றாங்க.”

“அப்ப என் குரலயே வச்சுட்டு, கீழ எழுத்துல போடுங்க.”

“எழுத்துல போட்டா நீ சொன்னது புரிஞ்சிடுமே” என்றார் அவர். வாய் தவறி வந்த உண்மை அது. வந்தபின் அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மேஜையில் இருந்த பென்சிலை நேராக வைத்தார், மறுபடி நேராக வைத்தார்.

பிறகு ஏதேதோ சொன்னார். நானூறு பேர் உழைப்பு, ஒரு நிமிஷத் துண்டு, வர்ற வாரம் எல்லாரும் மறந்துடுவாங்க. “உன் பேரப் படத்துல போடச் சொல்லி நான்தான் கேட்டேன். போடுறாங்க.”

அவள் மனசு ஒரு நொடி துள்ளியது, பொய் சொல்வானேன். பதினொரு வருஷத்தில் எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. சாப்பாடு கொண்டுவருகிறவர் பெயர் வரும், கதாநாயகன் நாயைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர்கூட ஒரு படத்தில் வந்தது.

“என்ன வேலைன்னு போடுவாங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “சிறப்பு நன்றின்னு.”

வேலை செய்தவளுக்கு நன்றி! விருந்துக்கு வந்துவிட்டுப் போனவளா அவள்? அவர் மெல்லச் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார், அதை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. “நீ பொருந்தாதுன்னு போட்டா துண்டு நின்னுடும். அது ரூல். நான் மீற மாட்டேன். ஆனா பொருந்துதா இல்லையான்னு உனக்கே தெரியும். நீ இதுவரைக்கும் ஒரு பொய்யான குறி போட்டதில்ல.”

அவர் அவளை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாடிக்கு வந்து தாளை மேஜையில் வைத்தாள். இரண்டு கட்டம். ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். பேனாவை இரண்டு முறை கொண்டுபோனாள், கை வரவில்லை. அந்தக் கட்டடத்தில் அவள் சொல்வதை யாரும் ‘என்ன?’ என்று கேட்காமல், தலையாட்டி மழுப்பாமல் எடுத்துக்கொண்டது அந்த ஒரு குறியைத்தான். அது பொய் பேசாது என்பதால்தான் அதற்கு மதிப்பு. இன்றைக்குத் தனக்காக அதைப் பொய்யாகப் போட்டுவிட்டால், அப்புறம் அவளிடம் சொந்தமாக என்ன இருக்கிறது? வசனம் பொருந்துகிறது. பொருந்துகிறதே, என்ன செய்ய!

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு ‘பொருந்தும்’ கட்டத்தில் டிக் போட்டாள். தாளின் ஓரத்தில், அச்சடித்த மாதிரி கையெழுத்தில் எழுதினாள்: ‘உதடு பொருந்துகிறது. வார்த்தை என்னுடையது இல்லை. நான் சொன்னது வேறு. தயவுசெய்து இதை வெளியே விடாதீர்கள்.’ ‘நான் சொன்னது’ என்று தலைப்புப் போட்டு அந்த இரண்டு வாக்கியத்தையும் கீழே எழுதினாள். படிக்கிறவர்கள் எவரானாலும் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது. பதினொரு வருஷம் அந்தத் தாள்களை நிரப்பியவளுக்கு, கீழே அதை வாங்குகிறவர்கள் எந்த இடத்தைப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? டிக் இருக்கிறதா? இருக்கிறது. போகலாம். ஓரத்தில் எழுதினதை ஒருவரும் படிக்கவில்லை.

சனிக்கிழமை விளம்பரத் துண்டு வெளியானது. அவளுக்கு அது தெரிந்தது ஞாயிறு காலை, தோழி அனுப்பிய செய்தியில். ‘உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?’ என்று மட்டும் கேட்டிருந்தாள். மாற்றிய வசனம் கீழே எழுத்தாக ஓடும் பிரதியைப் பார்த்திருக்கிறாள். இவள் வீடியோவில் கூப்பிட்டாள், தோழி எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு நீளமாக ஒரு செய்தி எழுதி அனுப்பினாள். அதைத் தோழி பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அம்மா ஜன்னலோர நாற்காலியில், தன் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி அந்த விளம்பரத் துண்டை அனுப்பியிருக்கிறாள். ஐந்து தடவையோ ஆறு தடவையோ கேட்டுவிட்டாளாம்.

“வா, வா, இங்க உக்காரு” என்று கையைப் பிடித்து இழுத்தாள். எழுபது வயது முகம் சிறுபிள்ளை முகமாகியிருந்தது. “எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா? தேன் மாதிரி ஒரு குரல். நிறுத்தி நிறுத்தி, அழகா, என்ன ஒரு தெளிவு!”

“அம்மா, அது நான் இல்ல. வேற ஒருத்தி குரல்.”

“தெரியும்டி, எனக்குத் தெரியாதா?” அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். “நீ பேசியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் எத்தன நாள் நெனச்சிருக்கேன். இந்தக் குரல்தான். நான் நெனச்சது அப்படியே இதே குரல்தான்.”

நீ பேசியிருந்தா. அவள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். இல்லை, அம்மாவின் உதட்டை அவள் ஒருநாளும் தப்பாகப் படித்ததில்லை. பிறகு யார் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை பேசிக்கொண்டிருப்பது? யார் பேசினதை அம்மா கடைக்காரரிடம் திருப்பிச் சொன்னாள்?

அம்மா போனில் விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். திரையில் இருந்த முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

அம்மாவுக்காவது தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஊருக்குப் போகாவிட்டால் போகட்டும், இந்த ஒருத்திக்காவது. முழங்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் மடியில் கையை வைத்து, தன் குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி ஆரம்பித்தாள். “அம்மா, நான் உண்மையில என்ன சொன்னேன்னா...”

அம்மா கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள்.

“ஸ்... கொஞ்சம் சும்மா இருடி. கேக்க விடு.”